கொழுந்தன் இரவல் கேட்ட துப்பாக்கி

“ரெண்டு நாளைக்குத்தானே அண்ணி. குடுத்தா இன்னா, தேஞ்சா பூடும்?”

என் கொழுந்தன் இப்படித்தான் கேட்டான், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே. மருந்தடிக்கும் ஸ்பிரேயரையும் ஏணியையும் தார்ப்பாயையும் அவன் இதே மாதிரிதான் கேட்டு வாங்கிப் போவான். பாதி திரும்பி வரும், பாதி வராது. அதற்கெல்லாம் நான் சண்டை போட்டதில்லை. இந்த முறை அவன் கேட்டது துப்பாக்கி.

அது ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியது. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற சாலையில், குன்றை ஒட்டி எங்கள் நிலம். வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறோம். கடலை முற்றுகிற சமயத்தில் பன்றிகள் ராத்திரியில் கூட்டமாக இறங்கி வந்து ஏர் ஓட்டினதுபோல் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும். அவற்றைச் சுடக் கூடாது, அது வனத்துறையின் பாடு. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் சில நாள் அந்தப் பக்கம் வராது. எங்கள் வீட்டுத் துப்பாக்கி செய்த வேலை அவ்வளவுதான்.

வாங்கியவர் என் மாமனார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் என் கணவர் பெயருக்கு மாற்றினார்கள். என் கணவர் எனக்கு பாவா முறை, அதாவது அத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டேன். துப்பாக்கி விஷயத்தில் பாவா மிகவும் கறார். தூசி தட்டுவதற்குக்கூட என்னைத் தொட விட மாட்டார். “உன் பேரு அதுல இல்ல” என்பார். எனக்குக் கோபம் வரும். வீட்டில் எதில்தான் என் பெயர் இருந்தது, இதில் மட்டும் இருக்க.

பாவா நெஞ்சுவலியில் போனபோது, காரியம் முடிந்த கையோடு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் துப்பாக்கியை ஒப்படைத்தேன். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஸ்டேஷன் ரைட்டர் என்னையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பையன் இல்லியாம்மா?”

“பொண்ணுதான் சார்.”

“அப்ப கொழுந்தன் பேருக்கு மாத்திடுங்க. பொம்பளைங்க இத வெச்சிகினு இன்னா பண்ணுவீங்க?”

“ஆம்பளைங்க இன்னா பண்ணாங்களோ அதான் சார். மேல பாத்து சுடுவேன்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நிலம் என்னுடையது, பயிர் என்னுடையது, பன்றி வருவது என் கொல்லைக்கு. லைசென்ஸ் மட்டும் ஏன் கொழுந்தன் பெயருக்குப் போக வேண்டும்? தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நடந்தேன். மருத்துவச் சான்றிதழ் வாங்கினேன். பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தேன். முதல் தடவை சுட்டதில் தோள்பட்டை கன்றிப்போய் பல நாள் ஜாக்கெட் போட முடியவில்லை. கொழுந்தனும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டான். பொம்பளைக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் போட்டான் என்பது, கிடைத்த பிறகு அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அன்று அவனுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது எல்லைக்கு அப்பால், ஆந்திராவில் இருக்கிற அவன் மச்சான் ஊருக்கு. அங்கே கடலை பிடுங்குகிறார்களாம். பன்றித் தொல்லையாம்.

“முடியாதுப்பா” என்றேன். “லைசென்ஸ் என் பேர்ல கீது. நான்தான் வெச்சிக்கணும். அதுவும் நம்ம மாவட்டத்த தாண்டக் கூடாது.”

“எங்க நைனா வாங்கின துப்பாக்கி அண்ணி அது.”

“மாமா வாங்கினதுதான். இல்லன்னு சொன்னேனா?”

“அப்போ எனக்கும் பாத்யத கீது இல்ல?”

“மாத்தும்போது கையெழுத்து போட்டியே.”

“லைசென்ஸுக்குத்தான் போட்டேன். துப்பாக்கிக்குப் போடல.”

இப்படி ஒரு பேச்சை யாரிடமிருந்து கற்றுக்கொண்டு வந்தானோ. நான் உள்ளே போய்விட்டேன். பிறகு அவன் பெண்டாட்டி போன் செய்தாள். “எங்க அண்ணன் இன்னா கொலகாரனா அக்கா? ஒரு பொருள நம்பி குடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள். நான், “பொருளுன்னா குடுப்பேன்” என்றேன். “அப்ப அது இன்னா, சாமியா?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. நான் மட்டும் பஸ் ஏறினேன். என் மகள் வீட்டில் இருந்தாள். அவளுக்கு அம்பத்தூரில் வேலை, தினமும் விடியலில் ரயில் ஏறி இருட்டிய பிறகு வருகிறவள். ஞாயிறு ஒரு நாள்தான் தூக்கம். அவளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனேன். அதில் துப்பாக்கி இருந்த பீரோவின் சாவியும் இருந்தது.

கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் நான் போன பிறகு வந்திருக்கிறார்கள். நான் வளைகாப்புக்குப் போவது அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் அழைத்திருந்தார்கள்.

“அம்மா துப்பாக்கிய குடுக்கச் சொல்லிச்சிம்மா” என்றிருக்கிறான். “காலைலதான் போன்ல பேசினேன்.”

மகள் எனக்குப் போன் போட்டிருக்கிறாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா நின்றுகொண்டிருக்கிறார். சித்தி, “பெத்த பொண்ணாட்டம் பாத்துகினு வரோம், எங்கள சந்தேகப்படறியாடி” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். மகள் பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டாள். தோட்டா டப்பாவையும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, இரண்டு பேருக்கும் நடுவில் வண்டியில் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனார்கள். சோதனைச் சாவடியில் லாரிகளைத்தான் பார்க்கிறார்கள். புருஷன் பெண்டாட்டியை யார் நிறுத்துவது?

சாயங்காலம் நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது மகள் சாதாரணமாகச் சொன்னாள். “சித்தப்பா வந்து துப்பாக்கி வாங்கினு போனாரும்மா. நீ சொன்னியாமே.”

நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. மகள் அழவில்லை. சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தாள். கொழுந்தனுக்குப் போன் போட்டேன். “நாளைக்கு மத்தியானம் கொண்டாந்துடறேன் அண்ணி, ஏன் இப்டி பதர்றீங்க” என்றான். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

மகளையும் கூட்டிக்கொண்டு உடனே ஸ்டேஷனுக்குப் போனேன். பணியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“யார் எடுத்துகினு போனது? கொழுந்தனா?”

“ஆங் சார்.”

“குடும்பத்துக்குள்ளதானம்மா. நாளைக்கு வந்துடும்னு சொல்றாரு இல்ல? நான் இத எழுதினேன்னா மொதல்ல உங்க லைசென்ஸ்தான் போவும். அப்புறம் உங்க பொண்ணு. யோசிச்சிகினு வாங்க.”

“எழுதுங்க சார். போனா போவுது.”

“வீட்டுக்குப் போங்கம்மா. ஞாயித்துக்கெழம.”

எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் துப்பாக்கி வெடிக்காது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ.

திங்கட்கிழமை காலையில் வெடித்துவிட்டது.

எனக்கு அது தெரிந்ததே அன்று மத்தியானம் அவன் பெண்டாட்டியும் அவளுடைய அண்ணனும் ஒரு காரில் வந்து இறங்கியபோதுதான். அந்த அண்ணனுக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். வந்தவுடன் கைகூப்பினார். “சின்ன தப்பு நடந்துபோச்சி” என்றார். கடலை ஆய வந்த கூலிப் பெண் ஒருத்திக்குக் காலில் பட்டுவிட்டதாம். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவைகள் ஆடுசதையிலும் பாதத்திலும் ஏறியிருக்கின்றன. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே போலீஸ் வந்து கொழுந்தனையும் துப்பாக்கியையும் கொண்டுபோய்விட்டது.

“எப்படி பட்டது?” என்று கேட்டேன்.

“பன்னி வந்திச்சி. விரட்றப்ப...”

“காலைல வெயில்ல பன்னி வந்திச்சா?”

அவர் பன்றியை விட்டுவிட்டார். சொல்ல வந்தது வேறு.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நீங்களும் கூட வந்திருந்தீங்க, துப்பாக்கி உங்ககிட்டதான் இருந்திச்சி, அவர் சும்மா தூக்கிகினு வந்தாரு, கைதவறி வெடிச்சிடுச்சி. அவ்ளோதான். லைசென்ஸ் உங்களுக்கு கீது. கேஸ் லேசா முடிஞ்சிடும்.”

“நான் பொதட்டூர்பேட்டையில வளைகாப்புல இருந்தேன். ஊரே பாத்துச்சு.”

“அது நேத்து. இன்னிக்கு காலைல நீங்க எங்க இருந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். காலில் குண்டு பட்ட பெண்ணின் பெயரைக் கேட்டேன். அண்ணன் தங்கையைப் பார்த்தார், தங்கை அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போங்க” என்றேன்.

அப்போதுதான் கொழுந்தன் பெண்டாட்டி வாயைத் திறந்தாள். அதுவரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள், மிகத் தெளிவாகப் பேசினாள்.

“நாங்க ஒண்ணும் பூட்ட ஒடச்சி திருடல அக்கா. பீரோவ தொறந்து கையில குடுத்தது உங்க பொண்ணு. அவ பேரும்தான் வரும். நாளைக்கு அவளுக்கு கல்யாணம் காட்சி வேணா? கம்பெனியில வெச்சிக்குவாங்களா?”

அன்று வேலைக்குப் போகாமல் இருந்த என் மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ‘பெத்த பொண்ணாட்டம்’ என்று முந்தின நாள் அவளிடம் சிரித்த அதே வாய்.

அவர்கள் போன பிறகு, திருத்தணி கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண் வக்கீலைப் பார்க்கப் போனோம். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“துப்பாக்கி சட்டத்துல இரவல்னு ஒண்ணு கெடையாதுங்க” என்றார். “அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை, புருஷன் பொண்டாட்டி, யாரா இருந்தாலும் சரி. கையில துப்பாக்கி இருக்குதா, லைசென்ஸ் இருக்குதா, அவ்ளோதான் கேள்வி. லைசென்ஸ் இல்லாதவன் வெச்சிருந்தா குத்தம். இல்லன்னு தெரிஞ்சே அவனுக்குக் குடுத்தா குடுத்தவங்களுக்கும் குத்தம்.”

“எந்த வகையிலயும் இன்னொருத்தர் கையில போகவே கூடாதா?” என்று மகள் கேட்டாள்.

“ரிப்பேருக்குக் கொண்டு போகணும், இல்ல லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா, லைசென்ஸ்காரங்க எழுதிக் குடுத்து இன்னொருத்தர் மூலமா அனுப்பலாம். லைசென்ஸ்காரங்க சுடறதுக்காக, அவங்க கூட இருக்கும்போது இன்னொருத்தர் தூக்கிகினு வரலாம். அதத்தான் அவங்க பிடிச்சிகினு வந்திருக்காங்க. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.” என்னைப் பார்த்தார். “நீங்க கூட இருந்தேன்னு சொன்னீங்கன்னா, மாவட்டத்த தாண்டி துப்பாக்கி எடுத்துகினு போனது நீங்க. ஒரு பொம்பள கால்ல சுட்டதுக்குப் பொறுப்பும் நீங்க. அவருக்கு லேசாவும். உங்களுக்கு லேசாகாது.”

“என் பொண்ணு?”

வக்கீல் மகளைப் பார்த்தார். “ஏமாத்தி வாங்கினாங்கன்றது உண்ம. அத அவங்க வாயாலதான் சொல்லணும். சாட்சியா எடுத்துக்கலாம், குத்தம் சாட்டி எதிரியாவும் சேக்கலாம். இல்லவே இல்லன்னு நான் உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன்.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். திருப்பதி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளோடு குடும்பங்கள் ஓடி ஓடி இடம் பிடித்துக்கொண்டிருந்தன. மகள் சட்டென்று நின்றாள்.

“நான் போயி சொல்றேம்மா.”

“நீ ஒண்ணும் சொல்ல வேணா. சாவிய நான் பீரோவுலயே விட்டுட்டுப் போனேன், அவங்களே எடுத்துகினாங்கன்னு சொல்லிடலாம்.”

“அதுவும் பொய்தானே.”

“பொய்தான்.”

“சித்திகிட்ட பொய் சொல்ல மாட்டேன்னு வெரட்டின.”

“அது அவங்களுக்காக. இது உனக்காக.”

“உனக்கு என் மேலயும் கோவம்தானே? அத மொதல்ல சொல்லு.”

“ஆங். உன் மேலயும்தான்” என்றேன். “நான் போன் எடுக்கலன்னா வர வரைக்கும் உக்காருங்கன்னு சொல்ல வாயில்லையா உனக்கு? படிச்சிருக்கியே. ஆபீஸ்ல முன்னூறு பேர வேல வாங்கறேன்ற.”

“அங்க யாரும் சித்தப்பா இல்லம்மா” என்றாள்.

என் கோபம் குறையவில்லை. இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

அதே சப்-இன்ஸ்பெக்டர். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது போலிருக்கிறது, எழுந்து நின்று பேசினார். ஆனால் பேச்சு, “துப்பாக்கி போனத நீங்க ஏம்மா உடனே வந்து சொல்லல?” என்று ஆரம்பித்தது.

நான் அவரையே பார்த்தேன். “நேத்து சாயங்காலம் இதே நாற்காலியில உக்காந்துதான் சொன்னேன். ஞாயித்துக்கெழம, வீட்டுக்குப் போங்கன்னீங்க.”

“நேத்து கூட்டமா இருந்திச்சி, யார் யார் வந்தாங்களோ...”

“யாருமே இல்ல. நீங்க, நான், என் பொண்ணு. மேல கேமரா கீது சார். போட்டுப் பாக்கலாம்.”

அவர் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “உக்காருங்க” என்றார். எழுத ஆரம்பித்தார்கள்.

மகள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எனக்குப் போன் போட்டது, நான் எடுக்காதது, சித்தி சிரித்தது, பீரோவைத் திறந்தது, தோட்டா டப்பாவை எடுத்துக் கொடுத்தது. ஒன்றையும் விடவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. எழுதி முடித்து ரைட்டர் படித்துக் காட்டினார். அதில், ‘தன் சம்மதத்தின் பேரில் துப்பாக்கியை ஒப்படைத்ததாக’ என்று ஒரு வரி இருந்தது.

“அவ அப்படி சொல்லல” என்றேன்.

“குடுத்தாங்க இல்லம்மா? அப்ப சம்மதம்தானே.”

“அம்மா சொன்னாங்கன்னு பொய் சொல்லி வாங்கினாங்கன்னு சொன்னா. அத எழுதுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் ஒண்ணுன்னா நான் சொல்றத எழுதறதுல இன்னா கஷ்டம் சார்?”

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே நின்றவர்கள் உள்ளே பார்த்தார்கள். மேசையில் கை வைத்து நின்றேன். அந்த ஒரு வரியில் என் மகளின் வாழ்க்கை இருந்தது. அவர்களுக்கு அது டூட்டி மாறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. கடைசியில் சப்-இன்ஸ்பெக்டரே, “மாத்திக் குடுய்யா” என்றார். மாற்றினார்கள். மகள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நான் தனியாக பஸ் ஏறி எல்லையைத் தாண்டி, அந்தப் பெண் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போக வேண்டாம், சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகச் சொல்வார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பழம் வாங்கலாமா என்று யோசித்து வாங்கவில்லை. காலில் குண்டு வாங்கியவளுக்கு ஆப்பிளா?

பெண்கள் வார்டில் மூலையில் படுத்திருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே கட்டு. நான் தெலுங்கில் யாரென்று சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“துப்பாக்கி நீதேனா?” என்றாள். உன்னுடையதுதானா.

என்னுடையதுதான் என்றேன். எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தொடங்கினேன்.

“நான் அதைக் கேட்கவில்லை” என்று தெலுங்கில் வெட்டினாள். “வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு, பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா? உன் வீட்டுச் சண்டைக்கு என் காலா கிடைத்தது?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றேன். பன்றியா வந்தது என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்தாள், கசப்பாக. “என்ன பன்றி? போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் கொழுந்தன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். இன்னொருத்தன் செல்போனில் எடுத்தான். பிறகு கீழே பார்த்துச் சுடுகிற மாதிரி நில் என்றார்கள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருக்கிறோம். எங்களைத் தள்ளிப் போகச் சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.”

கண்ணாடி போட்டுக்கொண்டு. பாவா தொட விடாத பொருள், நான் தோள் கன்றி வாங்கின லைசென்ஸ், என் மகள் உடைந்த குரலில் சொன்ன வாக்குமூலம், இந்தப் பெண்ணின் கால், எல்லாம் ஒரு போட்டோவுக்காக. பன்றிக்காகக்கூட இல்லை. இதைப் போலீஸிடம் சொன்னாயா என்றேன். சொன்னேன், சொல்லாமல் விடுவேனா என்றாள். பிறகு, “நீ போ. உன்னைப் பார்த்தால் எனக்கு எரிகிறது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுந்தன் சில வாரம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். செல்போன் போட்டோக்கள் போலீஸ் கையில் கிடைத்ததால் நான் கூட இருந்ததாகச் சொல்லச் சொன்ன கதையெல்லாம் அத்தோடு நின்றது. என் மகளைச் சாட்சியாகத்தான் சேர்த்தார்கள். அவள் பெயர் எதிரிகள் வரிசையில் வரவில்லை என்று வக்கீல் போனில் சொன்னபோது நான் கரும்புத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

உறவு முழுவதும் என்னைத்தான் பேசியது. கணவனின் தம்பியைக் கம்பி எண்ண வைத்தவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், சொல்லாத ராங்கி பிடித்தவள். கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போனார்கள். அந்தக் கூலிப் பெண்ணின் கால் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று எனக்கு நோட்டீஸ் வந்தது. விசாரணைக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

“குடும்பத்துல இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது உங்ககிட்ட துப்பாக்கி இருக்கறது பாதுகாப்புதானாம்மா?”

“பிரச்சினை பண்ணது நான் இல்லீங்களே. எடுத்துகினு போனது அவன். நான் அன்னிக்கே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். எழுதல. என் பொண்ணு உண்மைய சொல்லிச்சு. இதுல துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதவங்க யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

“கோவப்படாதீங்க.”

“கோவம்தாங்க வருது. வேற இன்னா வரும்?”

அவர் பேனாவை மூடிவைத்தார். துப்பாக்கிக்கெனத் தனியாக இரும்புப் பெட்டி சுவரில் பதிக்க வேண்டும், சாவி என்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு லைசென்ஸை விட்டுவைத்தார்கள். பெட்டியைப் பதித்தாகிவிட்டது. அதற்குள் வைக்கத் துப்பாக்கி இல்லை. அது வழக்குச் சொத்தாக ஆந்திரா கோர்ட்டில் இருக்கிறது. வழக்கு முடிகிற வரைக்கும் அங்கேதான். இந்த வருஷம் கடலையில் பாதியைப் பன்றி தின்றது. தகரம் தட்டிப் பார்த்தேன், பட்டாசு வெடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் பயந்துவிட்டு மூன்றாம் நாள் வந்துவிட்டன.

வாய்தாவுக்கு நானும் போகிறேன். மகளின் சாட்சியம் இன்னும் வரவில்லை. போன தடவை கோர்ட்டு வாசலில் கொழுந்தன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் எதுவுமே நடக்காததுபோல் வந்தான்.

“அண்ணி, டீ சொல்லட்டா?”

“வேணா.”

“கேஸ் முடிஞ்சா துப்பாக்கி திரும்ப வரும்ல. அப்ப பேசி ஒரு முடிவு பண்ணிக்கலாம். எவ்ளோ நாளைக்கு இப்டியே மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருப்பீங்க?”

அவன் கையில் இருந்த டீ டம்ளரைத் தட்டிவிட என் கை எழுந்தது. எழுந்த கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்தேன். கோர்ட்டு வாசலில் நான் கை நீட்டினால் அதற்கும் ஒரு வழக்கு போடுவான்.

அன்றும் தள்ளிவைத்தார்கள். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். மற்ற ரவைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள், பாதத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்தால் நரம்பு போய்விடும் என்று விட்டுவிட்டார்களாம். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். கொழுந்தனின் ஆட்கள் சமாதானம் பேச அவள் வீட்டுக்குப் போய், அவள் துடைப்பத்தை எடுத்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் திருத்தணி வருகிற பஸ்தான், அவள் ஊர் வழியில் இருக்கிறது. அவள் முன்னால் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். அவள் அழைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

அவள் ஊர் வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்து, இறங்கப் போகும் வழியில் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அடுத்த வாய்தாவுக்குச் சீக்கிரமா வா” என்றாள் தெலுங்கில், அதட்டுகிற மாதிரி. “போன தடவை நீ வருகிற வரைக்கும் அந்த ஆட்களுக்கு நடுவில் நான் தனியாக நின்றேன்.”

வருகிறேன் என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் நல்ல காலை முதலில் ஊன்றி, மெதுவாக இறங்கிப் போனாள்.